டேப்பைத் தாண்டினால் கையெழுத்து

மகள் கால் அங்குலம் குறைந்திருந்தாள்.

டெய்லர் டேப்பை உதறி மறுபடி வைத்தார். கடைச் சுவரோடு ஒட்டி நின்ற மகள் அதன் பித்தளை முனையைக் குதிகாலால் மிதித்துக்கொண்டாள். அவர் டேப்பை மேலே பிடித்து, தலையில் ஸ்கேலை மட்டமாக வைத்துப் பார்த்தார். ஐம்பத்தொன்பதே கால்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஐம்பத்தொன்பதரை."

"அப்பா, நான் என்ன சுருங்குற துணியா?"

"துணியா இருந்தா முதல்லயே நனைச்சுக் காயப்போட்டு அளந்திருப்பேன். நேரா நில்லு."

நேராகத்தான் நின்றாள். பள்ளிக்கூடப் பளுதூக்கும் அணியில் அவளைச் சேர்த்துக்கொள்ள பி.டி. மாஸ்டர் தயாராக இருந்தார். வீட்டில் பழகச் சொல்லி ஒரு ஜோடி டம்பெல்லும் கொடுத்து அனுப்பியிருந்தார். சம்மதப் படிவத்தில் தகப்பன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அங்கேதான் வண்டி நின்றது.

டெய்லரின் உயரம் சரியாக அறுபது அங்குலம். ஒரு டேப்பின் நீளம். வெட்டுமேசைக்கு முன்னால் பலகை போட்டு, அதன்மேல் ஏறி நின்றுதான் துணி வெட்டுவார். தெருவில் அவருக்கு 'அரை மீட்டர்' என்று பெயர். அது அவர் காதில் விழாது என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வயதில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய், ஐந்து வருடம் துணிக்கட்டு சுமந்தவர் அவர். அந்தப் பாரம்தான் தன்னை அமுக்கிவிட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. மகளுக்கும் இப்போது அதே பதின்மூன்று.

"வெயிட் தூக்கினா உசரம் நின்னுடும்," என்றார், படிவம் வந்த அன்றைக்கு.

"அப்படியெல்லாம் இல்லைன்னு மாஸ்டர் சொன்னாரே."

"நான் எப்போ சொன்னேன்?" கடைக்கு வருகிறவர்கள் அவரையும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"நீங்க இல்லப்பா. பி.டி. மாஸ்டர்."

"அவர் ஆறடி. அவருக்கு என்ன தெரியும்?"

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. அணித் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம். அதுவரை வெயிட்டைத் தொடக் கூடாது. அதற்குள் டேப்பைத் தாண்டிவிட்டால் கையெழுத்து. தாண்டாவிட்டால் படிவம் குப்பைக்கூடைக்கு. அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வளர்ந்தால் போதும். மகள் தலையாட்டினாள். டம்பெல்கள் கடைக்கு வந்து, வெட்டும் துணி நகராமல் இருக்க அதன்மேல் உட்கார்ந்துகொண்டன.

அப்படியும் கால் அங்குலம் குறைந்தது.

"டம்பெல்லு மட்டும் வெயிட் இல்லை," என்று மனைவியிடம் சொன்னார். "இனிமே அவ எதையும் தூக்கக் கூடாது."

"அப்போ தண்ணி பக்கெட்டை யார் தூக்குறதாம்?"

"நான் தூக்குறேன்."

"ஸ்கூல் பையை?"

"அதையும் நான்தான்."

மறுநாள் முதல் அவரே பையைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூட வாசல்வரை போனார். மகள் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் ஒரு பை வந்தது, அடியில் இரண்டு கால்களோடு. தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது.

மாதக் கடைசியில் அளந்தார். ஐம்பத்தொன்பது.

"சாண் ஏறினா முழம் சறுக்குதே," என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எங்கே சாண் ஏறுச்சு? சறுக்கல்தான் நடக்குது," என்றாள் மனைவி. மகளிடம் திரும்பி, "உங்கப்பா அளக்கறதையெல்லாம் நம்பாதேடி. கல்யாணத்தப்போ என்கிட்ட எவ்வளவோ அளந்தாரு," என்றாள்.

டெய்லர் சிரிக்கவில்லை. "என் கண்ணு தப்பும். டேப்பு தப்பாது. பதினோரு வருஷ டேப்பு." டேப்பை வழக்கம்போல உள்ளே கொண்டுபோய்ப் பிள்ளைகள் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். அதன் பித்தளை முனை கொஞ்சம் ஆடியது. பல்லால் கடித்து இறுக்கினார்.

அடுத்தது சாப்பாடு. காலையில் இரண்டு முட்டை, மாலையில் இரண்டு முட்டை, நடுவில் வாழைப்பழம், பால். மூன்றே வாரத்தில் எடை இரண்டு கிலோ ஏறியது. உயரம் ஐம்பத்தெட்டே முக்கால்.

"மேல போகச் சொன்னா பக்கத்துல போறா," என்றார்.

"சட்டைக் கை இறுக்குதுன்னு சொல்றா. கொஞ்சம் பிரிச்சு விடுங்க," என்றாள் மனைவி.

"பார்த்தியா? உசரமெல்லாம் கைக்குப் போயிடுச்சு."

தூங்கும்போதுதான் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். மகளை எட்டு மணிக்கே படுக்கப் போகச் சொன்னார். எட்டு மணிக்குப் படுத்தவளுக்கு ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது.

ஒருநாள் அந்த நேரத்தில் பிள்ளைகள் அறை ஜன்னல் கிறீச் கிறீச் என்றது.

"என்ன சத்தம்?"

"காத்து," என்றாள் மனைவி தூக்கத்தில்.

"காத்து எண்ணுமா? அறுபத்தேழு, அறுபத்தெட்டுன்னு கேக்குது."

"பொடிசு எண்ணுறா. யாரும் சொல்லிக் கொடுக்காமலே நூறு வரைக்கும் கத்துக்கிட்டா. ஸ்கூல்ல இன்னும் இருபதே தாண்டலை."

பொடிசு என்பது இளைய மகள். ஐந்து வயது. முன்பல் இரண்டு கிடையாது. ஒன்றாவது உருப்படியாக வளர்கிறதே என்று டெய்லர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கடையில் ஒரே ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார். பள்ளிக்கூட கிளார்க். நாற்பத்து நாலு அங்குல இடுப்பு. பேன்ட் தைக்கக் கொடுக்க வந்தவருக்கு நாற்பத்து மூன்று என்று வந்தது.

"மாஸ்டர், நிஜமாவா?"

"டேப்பு சொல்லுது சார்."

"போன வாரம்தான் மாடிப்படி ஏற ஆரம்பிச்சேன். உடம்பு பாருங்க, சொன்ன பேச்சு கேக்குது!"

இரண்டு வாரம் கழித்து, அளவு எடுப்பதற்காக மட்டுமே வந்தார். நாற்பத்து இரண்டரை. டெய்லரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்க கை ராசி மாஸ்டர்," என்றார். அவருடைய வயிறு மட்டும் மேசையைத் தொட்டுக்கொண்டு பழைய இடத்திலேயே இருந்தது. டெய்லர் அதைக் கவனிக்கவில்லை. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் வேண்டியது நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

தைத்த கோட்டைக் கொடுக்கும் சாக்கில் டாக்டரைப் பார்க்கப் போனார். டாக்டர் வெள்ளைக் கோட்டைப் போட்டுப் பார்த்தார். கை, விரல் நுனிவரை வந்தது.

"அளவெடுத்து ஒரு மாசம் கழிச்சு வெட்டினீங்க. அதுக்குள்ள நான் வளர்ந்துடுவேன்னு நினைச்சீங்களா?"

"மடிச்சுத் தச்சுத் தரேன் டாக்டர். வீட்டுல ஒரு கவலை." சொன்னார்.

டாக்டர் கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "யாராவது சரியாச் சொல்லிக்கொடுத்து, பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டா வெயிட் தூக்குறதால உசரம் நிக்காது. கண்டபடி தூக்கி எலும்புல அடிபட்டாத்தான் வம்பு. முட்டையை மட்டும் குறைங்க. எடை எக்கச்சக்கமா ஏறின பிள்ளைங்க சீக்கிரமா வளர்ந்து சீக்கிரமா நின்னுடுறதும் உண்டு."

"வளரவே இல்லையே டாக்டர். குறையுறா."

"குறைய வாய்ப்பே இல்லை. அளவுல தப்பு இருக்கும்."

"அளக்குறதுதான் என் தொழிலு," என்றார் டெய்லர், கொஞ்சம் விறைப்பாக.

டாக்டர் அதற்கு மேல் வாதாடவில்லை. "உங்கப்பா என்ன உசரம் இருந்தாரு?"

"என் காது வரைக்கும்."

"உங்கம்மா?"

"அப்பா தோள் வரைக்கும்."

"அப்புறம் அந்தத் துணிக்கட்டு பாவம், என்ன பண்ணும்?"

டெய்லர் கோட்டை வாங்கி மடித்துக்கொண்டு வெளியே வந்தார். இருபத்தைந்து வருடமாக அந்தத் துணிக்கட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். இனி திட்ட ஆள் இல்லை என்றதும் தெரு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. வீடு வருவதற்குள் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுசெய்தார். மனசு லேசானது.

தேர்வு நாள் காலையில் கடைசியாக அளந்தார். ஐம்பத்தெட்டே கால்.

மகள் தலையைக் குனிந்துகொண்டு பையை எடுக்கப் போனாள். எடுக்கக் கூடாது என்று ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

டம்பெல்லைத் திருப்பிக் கொடுக்கவும், படிவம் வேண்டாம் என்று சொல்லவும் டெய்லரே பள்ளிக்கூட ஆபீசுக்குப் போனார். ஒரு கையில் டம்பெல் பை, மறு கையில் பொடிசு. டேப்பு கழுத்தில். மகள் பின்னால் வந்தாள்.

பி.டி. மாஸ்டர் அவளைப் பார்த்தார். "கை நல்லா இறுகியிருக்கே!"

"முட்டை," என்றார் டெய்லர்.

"சரி, முடிவு உங்க இஷ்டம். இன்னைக்கு எல்லாப் பிள்ளைங்களுக்கும் உசரம், எடை பதியணும். ஒரு நிமிஷம் ஏறி நிக்கட்டும்."

சுவரில் பதித்த இரும்பு அளவுகோலில் அவளை நிறுத்தினார்கள். கிளார்க் நோட்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "நூத்தி ஐம்பத்து மூணு செண்டிமீட்டர்."

"அப்படின்னா?"

"அஞ்சடி மாஸ்டர். அதுக்கு மேல கால் இஞ்சும் இருக்கு."

"உங்க கம்பி தப்பு," என்றார் டெய்லர். கழுத்திலிருந்து டேப்பை உருவி, இரும்பு அளவுகோலோடு சேர்த்துப் பிடித்தார்.

டேப்பில் அறுபது, கம்பியின் அங்குலப் பக்கத்தில் அறுபத்திரண்டில் போய் நின்றது.

மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கீழிருந்து மேலே. பி.டி. மாஸ்டர் இருமினார். கிளார்க்கின் கை மெதுவாகத் தன் இடுப்புக்குப் போனது.

"மாஸ்டர், அப்போ என்னோட நாற்பத்து இரண்டரை?"

"அப்பா," என்றாள் மகள். "தாண்டிட்டேன்."

டெய்லர் மகளைப் பார்த்தார். இத்தனை நாளாக டேப்பையே பார்த்துக்கொண்டிருந்ததில், அவள் கண்ணைப் பார்க்கத் தான் லேசாக அண்ணாந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. பேனாவை எடுத்தார். படிவத்தை மேசையில் வைத்து நீவிவிட்டார். சொன்ன சொல் தவறாதவர்.

பேனா முனை தாளைத் தொடும்போது நின்றுவிட்டது. அவர் முகத்தில் மூன்று மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்போ நான் சொன்னதுதானே சரி?" என்றார். "மூணு மாசம் வெயிட்டை நிறுத்தினேன். மளமளன்னு வளர்ந்துட்டா. மறுபடி தொட்டா மறுபடி நின்னுடும்." பேனாவை மூடினார். "சொன்ன வாக்கு முக்கியம்தான். பிள்ளை அதைவிட முக்கியம்."

மகள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"இந்த டேப்புக்குத்தான் என்ன கேடு வந்ததுன்னு தெரியலை," என்று டெய்லர் அதைச் சுருட்டினார். "பதினோரு வருஷம் ஒரு நூல் பிசகலை."

பொடிசு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க டம்பெல்லை எடுத்துட்டுப் போனதுல இருந்து அக்கா தினமும் டேப்பைத்தானேப்பா ஜன்னல்ல கட்டி இழுக்குறா, இந்தக் கையில நூறு, அந்தக் கையில நூறு, நான்தான் எண்ணுவேன்!"