ஒற்றைப்பூத் திஸிலும் அதன் பங்காளியும்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். அங்கே மூட்டுவலி நீங்கலாக நீயும் அத்தானும் நலம் என்று நம்புகிறேன்.

மாடி அறையைக் காலி செய்துவிட்டேன், வந்து எங்களோடு இரு என்று எழுதியிருந்தாய். முடியாது அக்கா. அரசாங்கப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள ஒரு ஜீவன் என் பொறுப்பில் இருக்கிறது.

என் வீட்டுக்காரி காலமான பிறகு நான் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்க்கவேயில்லை. அங்கே இரண்டு முட்செடிகள் இடுப்புயரம் வளர்ந்து, பக்கத்து வீட்டுத் தையற்காரர் "காயப்போட்ட துணியெல்லாம் கிழியுது சார்" என்று சண்டைக்கு வந்து, தாவரத் துறைக்கே புகார் எழுதிப்போட, ஒரு செவ்வாய்க்கிழமை அலுவலர் பெண் லென்ஸோடு வந்து இறங்கினாள். ஒரு செடிமுன் மண்டியிட்டவள் கத்தினாள்: "ஐயா, இது திஸில்ங்கிற முட்செடியில அபூர்வ ரகம்! அழிஞ்சிட்டு வர்ற இனம். உங்க குழாய் ஒழுகுற ஈரத்துல பொழச்சிருக்கு. பக்கத்துல நிக்கிறது இதோட பங்காளி, குப்பைமேடெல்லாம் முளைக்கும். மகரந்தம் கலந்தா இதோட இனமே கெட்டுடும், பங்காளியைப் பிடுங்கிடுங்க. உங்க நிலம், நான் கை வைக்கக் கூடாது."

முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அவள்தான் இலையைத் திருப்பிக் காட்டினாள். அபூர்வத்துக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு, முள்ளில்லாத தண்டு, உச்சியில் ஒரே மொட்டு. பங்காளிக்கு உடம்பெல்லாம் முள், கிளைக்குக் கிளை மொட்டுக் கும்பல்.

"தனியா நிக்கறதாலதான் இதுக்கு ஆபத்தா?"

"இல்லைங்க, ஈரநிலமெல்லாம் கட்டடமாயிடுச்சு."

பிடுங்குவது ஐந்து நிமிட வேலை. ஆனால் ஆபத்து இருக்கும்வரை அவள் செவ்வாய்தோறும் வருவாளே! முதுகு பிடிச்சிருக்கு, கையுறை காணோம் என்று ஐந்து வாரம் ஓட்டினேன். இரண்டாவது நாற்காலியைக்கூடத் தூசி தட்டிப் போட்டேன். ஆறாவது வாரம் மொட்டில் ஊதா நிறம் தெரிந்தது. "ஐயா, இந்த மாவட்டத்துல இது ஒண்ணுதான் மிச்சம்" என்றபோது அவள் குரல் உடைந்தது. வெட்கமாகிவிட்டது எனக்கு. வெறுங்கையால் இழுத்தேன், பங்காளியும் நானும் சேர்ந்தே மல்லாந்தோம். என் கையைப் பிடித்து ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள். யாராவது என் கையைப் பிடித்து எத்தனை நாளாயிற்று!

"இனிமே பயமில்லைங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆக, காவலுக்கு நான்தான். அத்தானுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
வேலை தலைக்குமேல் இருக்கும் உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும்போது அலுவலர் பெண் தொலைபேசியில் அழைத்தாள். "தினமும் பக்கத்துல போய் நிக்காதீங்க ஐயா, மண்ணு இறுகிடும். ஆள் இல்லாம இருந்தாத்தான் அது நல்லா வரும்" என்கிறாள். எனக்கு அப்படி இல்லை அக்கா. சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நிலையத்துக்கு யாராவது வந்தால் நன்றாக இருக்கும்.