பதினொரு பிள்ளை பெற்ற குழந்தை

ஒரு காட்டில் நாகரிகம் முற்றிப்போய், இளைஞர் என்றால் யார் என்பதற்கே ஒரு கொள்கை வகுத்து வைத்திருந்தார்கள். பதினைந்து வயதுக்குக் கீழே குழந்தை. அதற்கு மேல் இளைஞர். மேல்வரம்பு முதலில் இருபத்தொன்பதாகத்தான் இருந்தது. கொள்கைக் குழுவின் தலைவர் தீர்த்தகிரி என்னும் ஆமையார். அவருக்கு வயது ஏற ஏற வரம்பும் ஏறி, இப்போது நூற்று நாற்பதில் வந்து நிற்கிறது. அவருக்கு நூற்று முப்பத்தொன்பது.

தவசி என்ற முயலுக்கு இந்தச் சூட்சுமமெல்லாம் தெரியாது, பாவம். அதற்கு மூன்று வயது. மனைவியும் பதினொரு குட்டிகளும் உண்டு. போன வாரத்து மழையில் அவர்களுடைய வளை இடிந்துவிட்டது. அடுத்த மழைக்குள் வேறு வளை கிடைக்காவிட்டால் குட்டிகள் பிழைக்காது. இளைஞர்களுக்கு இலவச வளை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தவசி ஆமையாரின் அலுவலகத்துக்கு ஓடியது. டோக்கன் வாங்கிக்கொண்டு நான்கு நாள் வரிசையில் நின்றது. முயலுக்கு நான்கு நாள் என்றால் நமக்கு ஒரு மாதம்.

"வயசு?" என்றார் ஆமையார்.

"மூணுங்கய்யா."

"அடடே, செல்லக்குட்டி! அம்மா எங்கே?"

"அம்மா போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சுங்க. எனக்கே பதினோரு புள்ளைங்க."

"பொய் சொல்லக் கூடாது கண்ணு. குழந்தைக்குக் குழந்தை பிறக்கக் கொள்கையில இடமில்லை."

"மீசையே நரைச்சிருச்சு, பாருங்கய்யா!"

"பால் குடிச்சுட்டுத் தொடைக்காம வந்திருப்பே."

ஆமையார் நிதானமாக ஒரு சான்றிதழ் எழுதினார். 'இதைக் கொண்டுவரும் தவசி ஒரு குழந்தை.' கீழே முத்திரையும் குத்தினார். "பன்னிரண்டு வருஷம் கழிச்சு வா. வளை உனக்குத்தான்."

"நாங்க எட்டு வருஷத்துக்கு மேல இருக்க மாட்டோமே ஐயா!"

"எட்டு வயசுல சாவறதா? குழந்தை இறப்பு விகிதம் ஏறிடும்பா. அப்படியெல்லாம் பண்ணிடாதே."

தவசி சான்றிதழை வாங்கிக்கொண்டது. வெளியே வந்தால் இடி உறுமுகிறது. கையிலிருந்த சான்றிதழை ஒருமுறை படித்தது. நின்று, இன்னொரு முறை படித்தது. பிறகு குடும்பத்தையே கூட்டிக்கொண்டு திரும்பி வந்து, ஆமையாரின் மேசைக்கு அடியில் தோண்டத் தொடங்கியது.

"டேய்! அரசாங்கக் கட்டடத்தையா தோண்டுறே? உள்ளே தள்ளிடுவேன்!"

தவசி சான்றிதழை நீட்டியது. "குழந்தைங்க நானு. மண்ணுல விளையாடுறேன்."

ஆமையார் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். குழந்தைமீது வழக்குப் போட முடியாது. துரத்தினால் கொடுமைப்படுத்திய குற்றம். அழுதால் அதிகாரியே தூக்கிவைத்துச் சமாதானம் செய்ய வேண்டும். தவசி மெல்ல மூக்கை உறிஞ்சியது. பின்னாலேயே பதினொன்றும் உறிஞ்சின.

மழை கொட்டித் தீர்த்தபோது, கொள்கைப்படி குழந்தைகளான பதின்மூன்று பேரும் மேசைக்கடியில் ஈரம் படாமல் படுத்திருந்தார்கள். ஆமையார் ஒவ்வொருவருக்கும் கேரட் நறுக்கி ஊட்டிக்கொண்டிருந்தார். விதியில் அதுவும் இருந்தது.

நீதி: அரசாங்கம் உன்னைக் குழந்தை என்று சொன்னால் வாதாடிக்கொண்டிருக்காதே, உடனே அழு.