காப்புக் கையில் விழுந்த டேக்

நாளைக்குக் காளி கோயிலில் தீ மிதிக்க வேண்டிய வினாயகமூர்த்தி இன்றைக்கே நெருப்பில் நின்றார். கையில் போன். போனில் ஒரு படம். படத்தில் ஒரு கை, நண்டுக் காலைப் பிடித்திருக்கிறது. மணிக்கட்டில் கோயிலில் கட்டின மஞ்சள் காப்பு. அந்தக் கையின்மேல் அவருடைய பேர் டேக்! பதறின கண்ணுக்கு அந்தப் பேரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

காப்புக் கட்டினவன் மச்சம் மாமிசம் தொடக் கூடாது. தொட்டது தெரிந்தால் காப்பை அறுத்துவிடுவார்கள், தீக்குழிப் பக்கமே விடமாட்டார்கள். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் கந்தப்போடியோ மனைவி இராசாத்தியின் கூடப்பிறந்த அண்ணன். பிறகு ஊரில் தலை காட்டலாமா?

இதில் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. மகள் விதுர்ஷா பல்கலைக்கழகக் கம்பசுக்கு எடுபட்டால் தீ மிதிப்பதாக நேர்ந்தது இராசாத்தி. மிதிக்கிற கால் மட்டும் இவருடையது. மகள் எடுபட்டாள், கால் மாட்டுப்பட்டது. நேர்த்திக்கடனைக் கெடுத்தது அப்பன்தான் என்று வெளியில் வந்தால் அம்மன்கூட மன்னிப்பாள், இராசாத்தி மன்னிக்கமாட்டாள்.

நேற்று ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டு பாசிக்குடாவுக்குப் போனதுதான் வினை. அங்கே ஹோட்டல் குசினியில் சமையலுக்கு நிற்கிற சதீசன் ஒரு தட்டு நண்டை முன்னால் வைத்தான். ஒரு காலைக் கடித்தால் என்ன என்று இவர் கடித்தார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல நண்டு.

இராசாத்தி கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற சத்தம் கேட்டது. இவர் சதீசனுக்குப் போன் அடித்தார்.

"டேய், என்ட தலையில மண்ணப் போட்டிட்டியேடா!"

"என்னண்ணன்?"

"நண்டுப் படத்த ஏன்டா போட்ட?"

"நண்டு வடிவா வந்திருந்திச்சி, போட்டன். உங்கட மூஞ்ச வெட்டிப்போட்டுத்தானே போட்டன்!"

"மறுகா ஏன்டா டேக் பண்ணின?"

"அம்மன் சத்தியமா நான் இல்லண்ணன். வேற ஆரோ. உங்கட பேர அமத்துங்க, கழட்டலாம். முதலாளி கூப்பிடுறார், வைக்கட்டா?"

வைத்துவிட்டான். வேற ஆரோ! ஆர் பார்த்தது? வாவி பக்கத்தில்தான், குதிக்கலாம். ஆனால் அந்த இடத்தில் முழங்காலளவு தண்ணிதான், சேறு மட்டும் மிஞ்சும். அவசரத்தில் விரலை வைத்தார். படத்துக்கு லைக் விழுந்தது. ஐயோ! அதை எடுத்தார், மறுபடி பேரை அமத்தினார், ஒரு மாதிரி டேக் கழன்றது. அப்பாடா என்று மூச்சு விட்டுக் கிறுகித் திரும்பினால் ஈரக் கையோடு இராசாத்தி.

"இஞ்சருங்க, ஏன் இப்பிடி வேர்க்குது?"

"நாளைக்குத் தீ மிதிக்கணுமே, அந்த யோசினை."

"பயமா?"

"சுத்தமா இருக்கிறவனுக்கு என்ன பயம்?"

"அது உண்மதான்." இராசாத்தி கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள். "சதீசன் ஒரு நண்டுப் படம் போட்டிருக்கான், பார்த்தீங்களா?"

"விரதக்காரன் நான் எங்க பேஸ்புக் பார்க்கிற!"

"நம்மட கோயில் காப்புக் கட்டின கை. இந்தப் பாவி ஆரெண்டு தெரியாம எனக்கு வேலையே ஓடல்ல."

வினாயகமூர்த்தி காப்புக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஊரில எத்தின பேர் காப்புக் கட்டியிருக்காங்க! வெறும் கையப் பார்த்து ஆரக் கண்டுபிடிக்கிற? இப்ப ஏஐ எண்டு ஒண்டு வந்திருக்கு, இல்லாத நண்டையும் கையில குடுத்திரும்."

"நானும் அதத்தான் யோசிச்சன். வெறும் கையப் பார்த்தா ஒண்டும் விளங்காது." அவள் போனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "அதுதான் காப்புக் கட்டின ஆக்கள் எல்லாரையும் அந்தக் கையில டேக் பண்ணிப்போட்டு உடுப்புத் தோய்க்கப் போனன்."

"எல்லாரையுமா?"

"ஓம். மத்தவங்க எல்லாரும் 'ஆர்ட கையடா இது' எண்டு கொமண்டில சண்டைக்கு நிக்காங்க. உங்கட பேர் மட்டுந்தான் சத்தமில்லாமக் கழண்டு போயிருக்கு."