கேட் பாஸ் வாங்கிய ஆமை

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடுங்கள். எழுத்துப் பிழைகளையும் சேர்த்தே மன்னித்துவிடுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது இன்றுவரை எனக்குக் குத்துமதிப்புதான். ஆனால் எழுத்துகள் இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவதற்குப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல முடியாது. அதற்குக் காரணம் ஓர் ஆமை. என் வலது கை ஆள்காட்டி விரலின் நுனி உள்பக்கமாக மடங்கியே நிற்கிறது. அது பேனாவைப் பிடிக்காது. பேனாதான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல வராது. ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேலாகப் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். அங்கே என் பட்டப்பெயர் 'சைலன்சர்'. (வைத்தவர்களிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை.)

பக்கத்து வீட்டில் கிரண் என்று ஒரு கன்னடக்கார இன்ஜினியர் வாடகைக்கு இருந்தார். ஒருநாள் காலையில் பிளாஸ்டிக் டப்போடு வந்து நின்றார்.

"அண்ணா, ஒந்தே வாரம். ஊருக்குப் போயிட்டு வந்துடறேன். இது பாப்பா மாதிரி. தொந்தரவே இல்ல."

டப்புக்குள் தோசைக்கல் ஒன்று கிடந்தது. உற்றுப் பார்த்தால் ஆமை. கறுத்த ஓடு, முதலை வால், தூக்கத்தில் எழுப்பி ஷிப்டுக்கு அனுப்பப்பட்டவன் முகம். 'முடியாது' என் தொண்டை வரை வந்தது. அங்கிருந்து அப்படியே திரும்பிப் போய்விட்டது. "சரிங்க" என்றேன்.

ஒரு வாரம் ஐந்து வாரம் ஆனது. பிறகு போன் வந்தது. கிரணுக்குப் புனேயில் வேலை கிடைத்துவிட்டதாம். "நீங்களே வெச்சுக்குங்க அண்ணா. இல்லன்னா ஏதாச்சும் ஏரியில விட்டுடுங்க."

மகள் ஸ்டெல்லா அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். ஆமையைப் படம் பிடித்துப் போனில் தேடினாள்.

"அப்பா, இது நம்ம ஊரு ஆமையே இல்ல. அமெரிக்காவுது. ஸ்நாப்பிங் டர்ட்டில். தலைய ஓட்டுக்குள்ள முழுசா இழுத்துக்க முடியாது, அதனால கடிக்குமாம். பதினஞ்சு கிலோ வரைக்கும்கூட வளருமாம். ஏரியில விட்டா அங்க இருக்கற மீனெல்லாம் காலி."

"எத்தன வருசம் இருக்குமாம்?" என்று கேட்டாள் என் மனைவி ஜெயராணி.

"நாப்பது வருசம்கூட இருக்கலாம்மா."

ஜெயராணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப உங்களுக்கு அப்பறமும் இருக்கும். யாரு பாத்துக்கறது, நானா?"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆமை குடியிருந்தது அவள் துணி துவைக்கும் தொட்டியில். ஐந்து வாரமாக அவள் வாளியில் துவைத்துக்கொண்டிருந்தாள்.

பெங்களூரில் இப்படி அனாதையாகும் பிராணிகளை வாங்கிக்கொள்ளும் ஓர் இடத்தை ஸ்டெல்லா கண்டுபிடித்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துப்போகிறோம் என்றார்கள்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்ததும் ஒரு வார்த்த சொல்லிடுங்க. குடுக்கறமா, வெச்சுக்கறமா" என்றாள் ஜெயராணி.

வைத்துக்கொள்வது என்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து தொட்டியோரம் உட்காருவேன். அது என்னைப் பார்க்கும். நான் அதைப் பார்ப்பேன். இரண்டு பேரும் பேச மாட்டோம். என் வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக நான் யாரோடும் பேசாமல் இருந்ததில்லை. ஆனால் இதை வீட்டில் எப்படிச் சொல்வது? சொல்ல வராது. செய்து காட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் இருவரையும் தொட்டியருகே நிற்க வைத்தேன். கையில் ஒரு துண்டு ஜிலேபி மீன். கம்பெனியில் காலையில் சேஃப்டி பேச்சு பேசுவார்களே, அந்தத் தோரணையில் தொண்டையைக் கனைத்தேன். "பழகிட்டா எந்த உயிரும் கடிக்காது. நம்பிக்கைதான் முக்கியம்" என்றேன். என் வாழ்நாளின் மிக நீளமான சொற்பொழிவு அது.

மீன் அப்படியே இருந்தது. விரல்தான் உள்ளே போயிருந்தது.

"கைய இழுக்காதீங்கப்பா" என்று போனைப் பார்த்துப் படித்தாள் ஸ்டெல்லா. "தண்ணிக்குள்ள வெச்சா தானா விட்டுடுமாம்."

"எவ்ளோ நேரத்துல?"

"அது போடல."

தொட்டிக்குள் முழங்கை வரை விட்டுக்கொண்டு குந்தியிருந்தேன். ஜெயராணி துண்டோடு பக்கத்தில் நின்றாள். "நம்பிக்கை எப்ப விடும்னு கேளு" என்றாள் மகளிடம்.

ஒருவழியாக விட்டது. ஆஸ்பத்திரியில் நான்கு தையல். டாக்டர், எப்படி ஆச்சு என்று கேட்டார். சுற்றிலும் பத்துப் பேர். ஆமை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "கதவு" என்றேன். அவரும் சீட்டில் அப்படியே எழுதினார். அந்த ஒரு சொல்தான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு போர்டு உண்டு. விபத்து நடக்காத நாட்களின் எண்ணிக்கை அதில் தினமும் ஒன்று ஏறும். வேலையிடத்தில் யாருக்காவது ஒரு தையல் போட்டாலும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தத் திங்கள்கிழமை போர்டில் 995. ஆயிரமாவது நாள் வருகிற சனிக்கிழமை. அன்று எல்லோருக்கும் மட்டன் பிரியாணி. அப்படிப்பட்ட வாரத்தில் நான் விரலில் கட்டோடு உள்ளே நுழைந்தேன்.

சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டு விசாரித்தார். இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிச் சீட்டுல கதவுன்னு இருக்கு. நீங்க ஆமைன்றீங்க. சனிக்கிழம மெஷின்ல அடிபட்டு மறைக்கறீங்களா?"

"இல்லீங்க சார். ஆமைங்க."

"ஓசூர்ல ஆமை கடிச்சுது. சரி. நாளைக்குக் கொண்டாந்து காட்டுங்க. இல்லன்னா போர்டு பூஜ்யம்."

டீ நேரத்தில் விஷயம் பரவியது. ஒருவரும் ஆமையை நம்பவில்லை. பாதிப் பேர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். "எங்க பிரியாணிக்காக வலியத் தாங்கிக்கினு கதை சொல்றீங்க பாருங்க, தெய்வம்ணா நீங்க."

மறுநாள் காலை, பெயிண்ட் வாளி மூடியில் ஓட்டை போட்டு, ஆமையை உள்ளே வைத்துக் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். கேட்டில் செக்யூரிட்டி மாதையன் நிறுத்தினார். வெளியிலிருந்து எது வந்தாலும் கேட் பாஸ் போட வேண்டும்.

"பொருள்?"

"ஆமை."

"எத்தன?"

"ஒண்ணு."

"ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளாண்ணா? திரும்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுன்னா ரிட்டர்னபிள். இங்கயே விட்டுடறதுன்னா நான்-ரிட்டர்னபிள்."

ஜெயராணி ஒரு வாரமாகக் கேட்ட கேள்வி இதுதான். அன்று சாயங்காலம் பெங்களூர்க்காரர்கள் வரப்போகிறார்கள். எனக்குப் பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

"ரிட்டர்னபிள்" என்றேன்.

"எழுதிக்கட்டுமா?"

"எழுதுப்பா."

சேஃப்டி அறையில் மேசைமேல் வாளியை வைத்து மூடியைத் திறந்தேன். ஆபீசர் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர், ஆராய்ச்சி மனசு. ஆமை வாயைப் பிளந்தது.

"இதுக்குப் பல்லே இல்லையே" என்று விரலை நீட்டிக் காட்டினார்.

'கைய வைக்காதீங்க சார்' என்ற வாக்கியம் என் தொண்டையில் தயாராக இருந்தது. வழக்கம்போல அங்கேயே நின்றது. நான் சொல்லி முடித்தபோது விரல் உள்ளே போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

"தண்ணிக்குள்ள வையுங்க சார், விட்டுடும்."

"எவ்ளோ நேரத்துலய்யா?"

"அது போடல சார்."

அவருக்கு இரண்டு தையல். வேலை நேரம், கம்பெனிக்குள், சாட்சி நான். மத்தியானம் அவரே, கட்டுப் போட்ட கையோடு, 996-ஐ எடுத்துவிட்டுப் பூஜ்யத்தை மாட்டினார். நான் குற்றமற்றவன் என்பது நிரூபணமாகிவிட்டது. ஒருவரும் கைகொடுக்கவில்லை. சனிக்கிழமை எலுமிச்சை சாதம் போட்டார்கள்.

சாயங்காலம் கேட்டில் மாதையன் மெதுவாகச் சொன்னார். "அண்ணா, நான்-ரிட்டர்னபிள்னு மாத்திடட்டுமா? பின்னாடி ஏரியில விட்டுடலாம்னு ஆபீஸ்ல சொல்றாங்க. பஸ்ல எல்லாரும் செம கடுப்புல இருக்காங்க."

"முடியாது" என்றேன்.

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

பஸ்ஸில் ஏறத் தைரியம் வரவில்லை. இடது கையில் வாளியோடு ஆறு கிலோமீட்டர் நடந்தேன். வீட்டு வாசலில் பெங்களூர்க்காரர்கள் பெட்டியோடு காத்திருந்தார்கள். அவர்களிடமும் அதே சொல்லைச் சொன்னேன். இரண்டாவது தடவை சுலபமாக வந்தது.

ஜெயராணி என் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த கேட் பாஸை உருவிப் படித்தாள். வாளியைப் பார்த்தாள். வியர்த்துப்போயிருந்த என்னைப் பார்த்தாள்.

"வாயத் தெறந்து சொல்றதுக்கு ஒரு கம்பெனி சீட்டு வேணுமா உங்களுக்கு?" என்றாள். பிறகு, "எனக்குத் தனியா ஒரு தொட்டி கட்டிக் குடுங்க."

கட்டிக் கொடுத்தேன். பழைய தொட்டியில் அது இருக்கிறது. இப்போது இரண்டு தோசைக்கல் அளவு. மீனை நீளமான இடுக்கியால்தான் கொடுக்கிறேன்.

நேற்று போர்டு மறுபடி ஆயிரத்தைத் தொட்டது. பிரியாணி போட்டார்கள். பரிமாற வந்த சேஃப்டி ஆபீசர் என் இலையில் கூடுதலாக ஒரு கறித்துண்டு வைத்து, "இன்னிக்கு வாளி ஏதும் கொண்டாரலையே?" என்றார். பந்தியே சிரித்தது. ஆமை அவர் மூக்கைக் கடித்ததாகவும், நான் அதை ஏவிவிட்டதாகவும் புதுப் பையன்களிடம் கதை ஓடுகிறது. அதனால்தான் நடந்ததை நானே எழுதிவிட உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும், மிக்ஸியோ விருந்தாளியோ, ஜெயராணி அந்தக் கேட் பாஸ் கேள்வியைத்தான் கேட்பாள். போன மாதம் ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் நல்ல மாதிரி, அதிகம் பேசவில்லை. அவர்கள் போனதும் ஜெயராணி மகளிடம், "என்னன்னு எழுதிக்கட்டும்?" என்றாள்.

ஸ்டெல்லா காலி காபி டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள்.

"எதுக்கும் ரிட்டர்னபிள்னே போடும்மா."

எழுதி முடித்தது: நவம்பர் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. விபத்தில்லா நாள் ஆயிரத்து ஒன்று.