உசிதமல்ல என்கிற சொல்லும் 1417ஆம் மசோதாவும்

மதிப்பிற்குரியவளும் இப்போதைக்கு என்னோடு பேசாதவளுமான அக்கா கிளாடெட்டுக்கு,

ஹாஸ்கெல் ஊரிலிருந்து தம்பி வில்ஃப்ரெட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் விறகடுப்பும் நலம். உன் வலது முழங்காலும், நீ வாசலில் வளர்க்கிற அந்தக் கடிக்கிற பூனையும் நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். கிறிஸ்துமஸ் விருந்தில் நீ சொன்ன சொல்லுக்குப் பிறகு உன் வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தவன் நான் என்பது உனக்கு நினைவிருக்கும். அதனால்தான் அரை மைல் தள்ளி இருக்கிற உனக்குத் தபால்தலை ஒட்டி எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதம் மாநிலத் தலைநகர் கான்கார்ட் வரை போய்த் திரும்பித்தான் உன் கைக்கு வரும். நமது மாநிலத்தில் எல்லாமே அப்படித்தான் நடக்கிறது.

விஷயம் என் சிநேகிதன் லீலண்டைப் பற்றியது. செப்டம்பரில் அவன் மனைவி வேரா காலமானதிலிருந்து அவன் சரியில்லை என்று ஊருக்கே தெரியும். சவரம் இல்லை, தபாலை எடுப்பதில்லை, மேப்பிள் மரங்களில் சாறு வடிக்க வாளி மாட்டும் காலம் வந்தும் வாளிகள் கொட்டகையில் தூங்குகின்றன. அக்டோபரில் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, காப்பியைக் குடிக்காமல் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டே, "வில்ஃப், என் மூணு துப்பாக்கியையும் கொஞ்ச நாளைக்கு உங்க சங்கத்துப் பெட்டகத்துல வச்சுக்கங்கடா. வீட்ல அது இருக்கறது எனக்கு நல்லதாப் படல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். முப்பத்தொரு வருடம் இந்த ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டியை ஓட்டியவன் நான், எந்தப் புயலிலும் நிதானம் தவறியதில்லை. அன்றைக்கு என் காப்பியில் உப்பைப் போட்டுக் குடித்தேன். எங்கள் மீன்பிடி வேட்டைச் சங்கத் தலைவி ஆர்லீனிடம் போய்ச் சொன்னேன். அவள் வக்கீலைக் கேட்டாள். வக்கீலோ, வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுத்த பிறகு ஏதாவது நடந்தால் சங்கத்தின் மேல் வழக்கு வரும், இந்த மாதிரி வாங்கி வைப்பவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க ஒரு மசோதா பதிவாகியிருக்கிறது, எண் 1417, அது சட்டமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். சரி, சட்டமாகட்டும் என்று நானும் உட்கார்ந்தேன். இதைத்தான் நீ கிறிஸ்துமஸ் மேசையில், எல்லார் எதிரிலும், "ஒருத்தன் தண்ணில விழுந்தா நீ படகுக்கு லைசென்ஸ் வாங்கிட்டு வருவியாடா?" என்று கேட்டாய். கேட்டது பெரிதில்லை. அத்தை மகள்கள் சிரித்தார்கள்.

உட்கார்ந்தேன் என்று எழுதினேனே, அது சரியில்லை. ஜனவரியிலிருந்து நான் உட்காரவே இல்லை. சங்கத்தில் மசோதாக்களைக் கவனிக்கிற வேலைக்கு ஆள் கேட்டார்கள், நான் கையைத் தூக்கினேன், வேறு யாரும் தூக்கவில்லை. சாப்பாட்டு அறைச் சுவரை அப்படியே காலி செய்து (உன் கல்யாணப் படம் இப்போது குளியலறையில் இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது) ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு ஆணி அடித்து, மாநில மசோதாக்களுக்கு நீல நூல், வாஷிங்டன் மசோதாக்களுக்குச் சிவப்பு நூல், குழுவிலிருந்து அவைக்கு, அவையிலிருந்து வேறு குழுவுக்கு என்று இழுத்துக் கட்டினேன். மொத்தம் ஐம்பத்தாறு ஆணி. அப்புறம்தான் தெரிந்தது, வாஷிங்டனிலும் ஒரு 1417 இருக்கிறது. அது வாத்து வேட்டைக்காரர்களின் வரி பற்றியது. இரண்டு நூலும் ஒரே ஆணியில் மூன்று வாரம் கிடந்தன. நான் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "நம்ம 1417 வரிக் குழுவுக்குப் போயிருச்சு" என்று அறிவித்தேன், எல்லாரும் தலையாட்டி அதைக் குறிப்பேட்டிலும் எழுதினார்கள். பிறகு அந்த மசோதாவைக் கொண்டுவந்தவரின் வாஷிங்டன் அலுவலகத்துக்கு நானே தொலைபேசியில் பேசி, லீலண்டின் நிலைமையை நாற்பது நிமிடம் விளக்கினேன். எடுத்தவர் தூக்கம் கலைந்த குரல்காரர், பொறுமைசாலி. எல்லாம் கேட்டுவிட்டு, "ஐயா, இது வாத்து மசோதாங்க" என்றார். அப்புறம், "உங்க சிநேகிதர் ஒழுங்காச் சாப்பிடறாரா?" என்று கேட்டார். அக்கா, இத்தனை அலுவலகங்களில் அதைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

அடுத்து சங்கத்தாரை 1417க்கு ஆதரவாகத் திருப்ப நான் பட்ட பாட்டைக் கேள். துப்பாக்கி என்ற சொல் இருக்கிற எந்த மசோதாவையும் எதிர்ப்பதுதான் அவர்களுக்குப் பழக்கம். சங்கத்தார் கூடிச் சாப்பிடுகிற ஒரு பீன்ஸ் விருந்து முழுக்கத் தட்டுத் தட்டாகப் போய், "யாரும் பிடுங்கலப்பா, அவனே கொடுக்கறான், அவனே திரும்ப வாங்கிக்கறான்" என்று தொண்டை வற்றப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், தேவாலய நிலவறையில் புதன்கிழமைதோறும் கூடுகிற, துப்பாக்கிகளுக்கு எதிரான உன் அமைதி வட்டம் 1417ஐ எதிர்ப்பதாக அறிக்கை. நீ அதில் இறங்கியது உன்னிடம் கணக்குப் படித்து, துப்பாக்கிக்குப் பலியான பையன் ஒருவனை அடக்கம் செய்த பிறகு என்று எனக்குத் தெரியும், அதை நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை. ஆனால் ஏன் எதிர்ப்பு என்று மளிகைக் கடையில் உன் தோழி ஒருத்தியை நிறுத்திக் கேட்டேன். "வேட்டைச் சங்கமே ஆதரிக்குதுன்னா அதுல ஏதோ சூது இருக்கும்னு கிளாடெட் சொன்னாங்க" என்றாள். படித்துப் பார்த்தீர்களா என்றேன். "பதினாலு பக்கங்க" என்றாள். நீ என் அறிவிப்பைப் பார்த்து அதற்கு நேரெதிராக உன் அறிவிப்பை எழுதுகிறாய் என்பது எனக்கு அன்றுதான் உறுதியானது. பள்ளியில் நான் உன் கணக்கைக் காப்பி அடித்தேன், ஒத்துக்கொள்கிறேன். குறைந்தது அப்படியே அடித்தேன், தலைகீழாக அடிக்கவில்லை.

இனி நடந்ததுதான் பெரிய கூத்து. குழு 1417ஐப் பார்த்துவிட்டு, இங்கே வழக்கமாகச் சொல்கிற மாதிரி, "சட்டமாக்குவது உசிதமல்ல" என்று எழுதி அவைக்கு அனுப்பிவிட்டது. நான் அந்த வரியைப் படித்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படித்தேன். ஓட்டெடுப்புக்கு முந்திய நாள் சங்கத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அவசரச் செய்தி அனுப்பினேன்: "உங்கள் பிரதிநிதியைக் கூப்பிட்டு ஆமாம் என்று ஓட்டுப் போடச் சொல்லுங்கள்." அவர்களும் கீழ்ப்படிந்தார்கள், என் வாழ்க்கையில் முதல் தடவையாக. அன்று மாலையே உன் வட்டத்தின் செய்தி போயிருக்கிறது: "இல்லை என்று சொல்லச் சொல்லுங்கள்." மறுநாள் நான் ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டு அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே நடந்து தரைவிரிப்பில் ஒரு தடமே போட்டுவிட்டேன். மூன்று ஓட்டில் "இல்லை" ஜெயித்தது. நீல நூலை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு, லீலண்டிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விறகு பிளக்கப் போனேன். தேவைக்கு மேலேயே பிளந்தேன், அடுத்த வருடத்துக்கும் ஆகும்.

சனிக்கிழமை குப்பைக் கிடங்கில் நம் சட்டமன்றப் பிரதிநிதி ஹார்லனைப் பார்த்தேன். வீடுகளுக்கு எரியெண்ணெய் கொண்டுபோகும் தன் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"தோத்துப் போச்சே ஹார்லன்" என்றேன்.

"எது தோத்துச்சு?"

"1417. ஆமாம்னு போடச் சொல்லி அத்தனை பேரை உங்களக் கூப்பிட வச்சேனே."

அவர் சாய்ந்திருந்த வண்டியிலிருந்து நிமிர்ந்தார். "வில்ஃப், நீங்க கூப்பிட வச்சதாலதான் நான் ஆமாம்ங்கற பச்சைப் பொத்தானை அமுக்கினேன். எனக்கே ஆச்சரியம், இவ்வளவு நாள் ஆதரிச்சவங்க திடீர்னு கொல்லச் சொல்றாங்களேன்னு. ஓட்டு மசோதா மேல இல்ல, குழு அனுப்பின 'உசிதமல்ல'ங்கற தீர்மானத்து மேலங்க. அதுக்கு ஆமாம்னா மசோதா செத்துச்சுன்னு அர்த்தம். இல்லைன்னா பொழைச்சுச்சுன்னு அர்த்தம்."

"அப்ப?"

"அப்ப பொழைச்சுருச்சு. உங்க அக்கா ஆளுங்க காப்பாத்திட்டாங்க. அடுத்த நிமிஷமே நிறைவேத்தலாம்னு ஒரு தீர்மானம் வந்துச்சு, சாப்பாட்டு நேரம், யாரும் எண்ணல, வாயால சத்தம் போட்டே ஓட்டுப் போட்டு மேலவைக்கு அனுப்பிட்டோம்."

அக்கா, கையில் பழைய கழிவறைக் கோப்பையோடு நான் அங்கேயே நின்றேன். மசோதாவைக் காப்பாற்ற நினைத்த நான் அதைக் கொல்லப் பார்த்திருக்கிறேன், கொல்ல நினைத்த நீ காப்பாற்றியிருக்கிறாய். ஆர்லீனிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "வில்ஃப் கையிலேர்ந்து அந்த நூலை யாராவது வாங்குங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். உன் வட்டத்தினரோ வெற்றி என்று நினைத்து எலுமிச்சைக் கேக் வெட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. இதோ நான் சொல்லிவிட்டேன், கேக் முடிந்திருக்கும்.

வரும் செவ்வாய் காலை பத்து மணிக்கு மேலவைக் குழுவில் கருத்துக் கேட்கிறார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். லீலண்ட் இன்னும் அந்த வீட்டில் தனியாக, அந்த மூன்று துப்பாக்கிகளோடு, ஒரு சட்டத்துக்காகக் காத்திருக்கிறான். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை சட்டமன்ற இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன், 1417 இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்புறம் அவன் வீட்டுப் புகைபோக்கியைப் பார்க்கிறேன், புகை வந்தால்தான் எனக்குக் காப்பி இறங்குகிறது. நீ அவனோடு பதினேழு வயதில் பள்ளி நடனத்துக்குப் போனவள், அவன் உன் காலை மிதித்தான், அதை நீ இன்னும் சொல்லிக்காட்டுகிறாய். அந்தக் காலுக்காகவாவது கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை உன் ஆட்களை ஆதரவு என்று பதிவு செய்யச் சொல். மனம் வரவில்லையென்றால் வீட்டில் இருக்கச் சொல். அதுவும் முடியாதென்றால் தயவுசெய்து என் செய்தியைப் பார்க்காமல் மசோதாவைப் படித்துவிட்டு முடிவு செய். பதினாலு பக்கம்தான், அதில் இரண்டு வெறும் பக்கம்.

நீ இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், நம் இருவருக்கும் நடுவில் இனி எந்தப் போக்குவரத்தும் இல்லை என்பதையும், உன் வீட்டு வாசலைக்கூட நான் எட்டிப் பார்க்க மாட்டேன் என்பதையும் இதன் மூலம் அறியவும்.

உன் முழங்காலுக்கு நல்ல நாட்களும், உனக்கு நீண்ட ஆயுளும், உன் பூனைக்கு நல்ல புத்தியும் கிடைக்க வேண்டி,
உன் தம்பி,
வில்ஃப்ரெட்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். மேலே லீலண்ட் வீட்டில் துப்பாக்கி இருப்பதாக எழுதியது பொய். நீ கிறிஸ்துமஸில் படகு, லைசென்ஸ் என்று கேட்டது இரண்டு வாரம் தூங்கவிடவில்லை. ஜனவரி இரண்டாம் புதன் அவன் வீட்டுக்குப் போய் மூன்றையும் வாங்கிக்கொண்டேன். "எங்க வைக்கறேன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிடாதடா" என்றான். என் வீட்டில் அவனுக்குத் தெரியாத அலமாரி கிடையாது, தினமும் வருகிறான். அவன் கால் வைக்கப் பயப்படுகிற வீடு இந்த ஊரில் ஒன்றுதான், அந்த நடனத்தைச் சொல்லிக்காட்டும் உன் வீடு. அவை உன் நிலவறையில், ஊறுகாய்ப் புட்டிகளுக்குப் பின்னால், உன் பழைய திரைச்சீலையில் சுற்றிக் கிடக்கின்றன. நீ அமைதி வட்டத்தில் இருந்தபோது பூந்தொட்டிக்கு அடியிலிருந்து சாவியை எடுத்தேன். சபதத்துக்குப் பிறகு உன் வீட்டுக்கு நான்கு தடவை வந்திருக்கிறேன், பூனை சாட்சி, கையில் தழும்பு இருக்கிறது. பயப்படாதே, சுட முடியாதபடி உள்ளிருக்கும் இரும்புகளைக் கழற்றி என் காலுறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தோட்டாக்களை ஆர்லீன் எதுவும் கேட்காமல் சங்கத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டாள்.

சட்டம் அப்படியும் வேண்டும், அக்கா. எல்லா ஊரிலும் உன் நிலவறை இல்லையே. அதனால் செவ்வாய்க்கிழமை பற்றிச் சொன்னது சொன்னதுதான்.

போன வாரம் அவன் முதல் தடவையாகத் துப்பாக்கிகளைத் திருப்பிக் கேட்டான். "இப்ப உசிதமல்ல" என்றேன். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை அவனை உன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வரலாமென்று இருக்கிறேன். உருளைக்கிழங்கு எடுக்க அவனை மட்டும் கீழே நிலவறைக்கு அனுப்பாதே. வரலாமா என்பதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் எழுதாதே, எனக்கு இப்போது இரண்டும் குழம்பிவிட்டன. சம்மதமென்றால் மேசையில் மூன்று தட்டு வை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறோம்.