பதினோரு ஆஸ்பத்திரி பார்த்த கும்ஹீ

மனிதர்களில் விசாரிப்பவர் என்றொரு இனம் உண்டு. கொரியாவில், எங்கள் சியோல் நகரத்தில் தாடை விசாரிப்பவர் என்று அதற்குத் தனிக் கிளையே இருக்கிறது. தாடை ஆபரேஷனைப் பற்றி எல்லாம் தெரியும். செய்துகொள்ள மட்டும் மாட்டார்கள்.

எங்கள் குடை கம்பெனியின் விற்பனைப் பிரிவுக் கும்ஹீயையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தாடை ஒரு விரற்கடை முந்திக்கொண்டு நிற்கும். மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் சந்தித்ததே கிடையாது. ஒன்பது வருஷத்தில் பதினோரு ஆஸ்பத்திரி ஏறி, பதினோரு எக்ஸ்ரே எடுத்து, எலும்பை எங்கே அறுப்பார்கள், எத்தனை ஸ்க்ரூ, எத்தனை வாரம் கஞ்சி, வீக்கம் வடியக் குடிக்கும் பூசணிச் சாறு காலையிலா மாலையிலா என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில். பஸ்ஸில் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டாள், தாடையைத்தான் பார்ப்பாள். சரி, தேதி குறித்தாளா? அதற்கென்ன அவசரம்! "டாக்டர் கெட்டிக்காரர்தான். ஆனா அந்த வரவேற்புப் பொண்ணு சிரிக்கவே இல்லையே!"

போன வசந்தத்தில், அதே பிரிவில், அதே மாதிரித் தாடையோடு இருந்த தசோம் அவளிடம் யோசனை கேட்டாள். மூன்று மதியம் பாடம் நடந்தது.

"உதடு மரத்துப்போகும்டி. வாயைக் கட்டிப் போட்டுடுவாங்க. அவசரப்படாத, இன்னும் நாலு இடம் விசாரி."

தசோம் தலையாட்டினாள். லீவு போட்டாள். ஆபரேஷனைச் செய்துகொண்டு வந்துவிட்டாள். கும்ஹீ ஒரு பெட்டி பூசணிச் சாறு அனுப்பினாள், குடிக்கவேண்டிய நேரப் பட்டியலோடு.

நாலு மாதம் கழித்து, நேற்று இருவரும் குளிர் நூடுல்ஸ் கடைக்குப் போனார்கள். ரப்பராக இழுபடும் அந்த நூடுல்ஸை மேஜைக்கே வந்து கத்திரிக்கோலால் வெட்டித் தருவார்கள். இந்த இருவருக்கும் எப்போதும் நெடுக்கும் குறுக்குமாக நாலு வெட்டு.

"வெட்டட்டுமா?" என்றாள் கடைக்காரம்மா.

கும்ஹீ கிண்ணத்தை நீட்டினாள். தசோம் தன் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "எனக்கு வேணாம்மா."

ஒரு வாய் இழுத்து, முன்பல்லால் கடித்தாள். அறுந்தது! அடுத்த வாய்க்குக் குனிந்துவிட்டாள். கும்ஹீக்குப் பொறாமையில் கண் கலங்கியது. நூடுல்ஸில் விட்ட கடுகு விழுதின் காரம் என்று சொல்லிக்கொண்டாள்.

ஒன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் அந்த வலியை விளக்கியவள் மெல்லக் கேட்டாள்: "ரொம்ப வலிச்சுதாடி?"

"வலிச்சுதுக்கா. கீழுதடு இன்னும் பாதி மரப்புதான். ஆனா நூடுல்ஸ் இவ்வளவு நீளம்னு இப்பத்தான் தெரியுது."

கும்ஹீ தன் துண்டு நூடுல்ஸை அள்ளி முடித்தாள். அப்புறம் போனை எடுத்தாள். தேதி கேட்கத்தானே? ஆமாம், தேதிதான். பன்னிரண்டாவது ஆஸ்பத்திரியில், ஆலோசனைக்கு.

சிரிக்காதீர்கள். நடுவில் நீங்களும் ஒருமுறை பல்லைக் கடித்துச் சரிபார்த்ததை நான் கவனித்தேன். அதுகூடப் போகட்டும். எத்தனையோ வருஷமாக ஒரு காரியத்தை விசாரித்துக்கொண்டே இருக்கிறீர்களே, அதற்குத் தேதி என்றைக்கு?