பனிக்கூடத்துப் பாலமும் ஒரு போத்தல் தைலமும்

எனக்கு நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றக்கூடப் பயம். இதை வீட்டுக்கு வெளியே சொல்ல முப்பத்தாறு வயது ஆகியிருக்கிறது. ஆனால் நான் வேலை பார்ப்பதோ பாலம் கட்டும் கம்பெனியில். (சிரிக்காதீர்கள். கடல் பக்கமே போகாமல் கருவாடு விற்கிறவர்கள் இல்லையா?)

அப்போது எங்கள் கம்பெனி கிள்ளான் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தது. ராட்சதக் கிரேன்கள் கான்கிரீட் உத்தரங்களைத் தூக்கித் தூண்களின் மேல் வைக்கும். இடுப்பில் கயிறு கட்டிய ஆட்கள் அந்த உத்தரங்களின் மேல் நடந்து வேலை செய்வார்கள். நான் கரையோரத்துக் கண்டெய்னர் ஆபீசில், ஏர்கோன் காற்றில் உட்கார்ந்து கம்பி எண்ணுவேன். (ஜெயிலில் அல்ல, வரைபடத்தில்.)

ஷாமளா பங்சாரில் ஓர் அலுவலகத்தில் இருந்தாள். கொமூட்டர் ரயிலில் பழக்கமாகி, இரண்டு வருடம் காதலித்து, ஒருவழியாக ரவாங்கில் இருந்த அவள் வீட்டுக்கு அப்பா அம்மாவோடு பெண் கேட்கப் போனேன். ஷாமளா அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார்.

“தம்பி என்ன வேலை செய்றீங்க?”

“பாலம் கட்டுறேன் அங்கிள்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? மழையிலும் காற்றிலும் ஆற்றுக்கு மேலே உத்தரத்தில் நடப்பதை வர்ணித்தேன். பிறகு எனக்கே கொஞ்சம் சப்பென்று இருந்ததால், “சமயத்துல கயிறுகூடக் கட்ட மாட்டேன் அங்கிள், பழகிப்போச்சு” என்றும் சேர்த்துக்கொண்டேன். கேசரி பரிமாறிக்கொண்டிருந்த ஷாமளாவின் அம்மா, கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஷாமளா போன் செய்தாள். “அப்பாவுக்கு ஓகே. அம்மாதான் யோசிக்கணும்னு சொல்றாங்க.”

“ஏன்?”

“தெரியல லா. கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாங்க. அவங்க தலையாட்டாம அப்பா நாள் பார்க்க மாட்டாரு.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: நான் அளந்தது போதவில்லை. என் வீரத்தின் மேல் அந்த அம்மாவுக்குச் சந்தேகம்.

இந்த நேரத்தில்தான் அவள் அப்பா, பழகிப் பார்க்கட்டும் என்று என்னையும் ஒரு குடும்ப உலாவுக்குக் கூப்பிட்டார். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஓர் உள்ளரங்கப் பனிக்கூடம். வெளியே முதுகைப் பொசுக்கும் வெயில், உள்ளே மைனஸ் ஐந்து டிகிரி. பனிச்சறுக்கு, சுவரேற்றம், தலைக்கு மேலே ஒரு மாடி உயரத்தில் கயிற்றுப் பாலம் எல்லாம் உண்டு.

எங்கள் குடும்பத்துக்கே குளிர்கோட்டு ஒன்றுதான். யார் வெளிநாடு போனாலும் அதுவும் போய்வரும். பிரிக்பீல்ட்ஸ் சித்தப்பா வீட்டிலிருந்து அதை வாங்கி வந்தேன். அதற்குள் அம்மா மின்யாக் ஆங்கின் தைலப் போத்தலோடு வந்துவிட்டார். வயிற்றுவலியோ மாமியார் சண்டையோ, எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்தப் பச்சைத் தைலம்தான்.

“குளிர் நெஞ்சுல இறங்கிடும்டா. நல்லாத் தேச்சிக்கிட்டுப் போ.”

நெஞ்சு, முதுகு, கழுத்து, முழங்கால், உள்ளங்கால் என்று முழுப் போத்தலையும் காலி செய்தேன். வேனில் பதினோரு பேர். ஏறிய ஐந்தாவது நிமிடம் எல்லா ஜன்னலும் திறந்துகொண்டன. “யாருக்கோ உடம்பு சரியில்ல போல” என்றார் ஷாமளாவின் சித்தி.

பனிக்கூடத்துக்குள் நுழைந்ததும் தைலம் தன் வேலையைக் காட்டியது. எரிகிறதா, உறைகிறதா என்று உடம்பால் சொல்ல முடியவில்லை. பல் தந்தியடித்தது. அப்போது பார்த்து ஷாமளாவின் அண்ணன் சுரேஷ் கயிற்றுப் பாலத்தைக் காட்டினான்.

“மச்சான், உங்க டிப்பார்ட்மெண்ட்! ஒரு ரவுண்டு போய்க் காட்டுங்க.”

ஷாமளாவின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுதான் சமயம் என்று தோன்றியது. பாதுகாப்புப் பட்டையை அங்கிருந்த பணிப்பெண் மாட்டிவிட்டார். கையுறையை நீட்டியபோது, “பாலத்துக்காரனுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று சத்தமாகச் சொல்லி மறுத்தேன். (அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.)

நான்கு பலகை தாண்டினேன். ஐந்தாவதில் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. சட்டென்று இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தேன். தைலக் கையில் கயிறு வழுக்கிக்கொண்டு போனது. அந்தக் குளிரிலும் நெற்றியில் வழிந்த வியர்வை கண்ணுக்குள் இறங்கப் பார்த்ததால் துடைத்தேன். எந்தக் கையால்? அதே கையால்.

உலகம் இருண்டது. இரண்டு கண்ணிலும் மிளகாய் அரைத்தது போல் எரிச்சல். தாரை தாரையாகக் கண்ணீர். பலகை மேல் நாலு காலில் நின்று, கோட்டு காதை மூட, “அம்மா!” என்று அலறினேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற சின்னப் பெண் ஒருத்தி, “மம்மி, அங்கிள் அழுவுறாரு” என்று எல்லாருக்கும் அறிவித்தாள்.

என் கல்யாணம் அந்தப் பலகையிலேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையாகவே அழுதேன். அந்தக் கண்ணீரில் தைலத்துக்குப் பங்கு பாதிதான்.

பாலம் குலுங்கியது. யாரோ திடுதிடுவென்று நடந்து வந்து என் கோட்டுக் காலரைப் பிடித்தார்கள். ஷாமளாவின் அம்மா!

“கண்ணைத் தொடாதீங்க. என் கையப் பிடிங்க. எந்திரிங்க.”

“முடியாது ஆன்டி.”

“சரி, இங்கேயே இருங்க. ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. நீங்க அந்தக் கிள்ளான் பாலத்து மேல ஏறுவீங்களா, மாட்டீங்களா?”

பொய் சொல்லத் தெம்பில்லை. “ஒரு தடவைகூட ஏறினதில்ல ஆன்டி. கீழ ஆபீஸ்ல உக்காந்து கணக்குப் பாக்கறேன். மன்னிச்சிடுங்க.”

ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பாலத்தோடு சேர்ந்து நானும் ஆடும் அளவுக்கு அந்த அம்மா சிரித்தார். அங்கிருந்தே கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்:

“ஏங்க! நாள் பார்க்கச் சொல்லுங்க!”

“இப்பவா? என்ன ஆச்சு?” என்று கீழிருந்து அவர் அப்பாவியாகக் கேட்டார்.

“கயிறு கட்டாம ஆத்து மேல நடக்கிறவருக்குப் பொண்ணக் குடுத்துட்டு, தினம் போன் அடிச்சா நெஞ்சு அடைச்சுப்போய் நிக்கணுமான்னு பயந்துக்கிட்டு இருந்தேன். இவரு எங்க ஏறப்போறாரு? நூறு வயசு வரைக்கும் பத்திரமா இருப்பாரு!”

இரண்டு வாரமாக அந்த அம்மாவை நான்தான் தூங்கவிடாமல் செய்திருக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, பாலத்தின் மீதிப் பலகைகளைக் கடந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் நடந்ததில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அந்தக் கிள்ளான் பாலத்தில் இப்போது வண்டிகள் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், கார் மேடேறத் தொடங்கியதும் பின் சீட்டிலிருந்து அத்தை தவறாமல் குரல் கொடுப்பார்:

“மாப்பிள்ளை, பாலம் வருது. கண்ணை மூடிக்காதீங்க, நீங்கதான் ஓட்டுறீங்க!”